வயிற்றால் போகிறதா: ஆம், இல்லை

போன வெள்ளிக்கிழமை கரடியனாற்றுப் பக்கம் ஒரு வேலையாகப் போய்த் திரும்பும்போது, பஸ் நின்ற இடத்தில் ஒரு பெண் யன்னலுக்குள் கையை நீட்டி அவித்த சோளனை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஆவி பறந்தது. தோகையும் உப்பும் சேர்ந்து வெந்த வாசனை. நான் உடனே உங்களை நினைத்தேன், சேர். ஒரு பேராசிரியரை நினைவுபடுத்தக் கண்ணியமான பொருட்கள் எத்தனையோ இருக்கின்றன: மூக்குக்கண்ணாடி, பேனா, தடித்த புத்தகம். எனக்கு வாய்த்தது சோளன். சோளனையும் உங்களையும் என் தலைக்குள் ஒன்றாகக் கட்டிவைத்தவர் பூமணியக்கா. ஆகவே அதில் என் குற்றம் ஒன்றுமில்லை.

சோளனை வாங்கினேன். தின்னாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தேன். ஏன் தின்னவில்லை என்று தெரியவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன. எழுதிப் பார்த்தால் சில தெளியலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இறந்துபோன செய்தி வந்து ஒரு வருஷம் ஆகிறது. எனவே இதை வாசித்து, சிவப்புப் பேனாவால் வெட்டி, திருப்பி அனுப்ப உங்களால் முடியாது. அந்த ஒரு வசதி எனக்கு இருக்கிறது.

நீங்கள் மட்டக்களப்புக்கு வந்த காலத்தில், போகக்கூடியவர்கள் எல்லாம் இங்கிருந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் என்றே வெளிநாட்டில் பல வருஷம் படித்து, அங்கேயே படிப்பித்தும் வந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், சண்டை நடக்கிற ஊருக்குத் தானாகக் கேட்டு வந்திருக்கிறார் என்பதை, நான் வேலைபார்த்த மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒருவரும் நம்பவில்லை. தண்டனை இடமாற்றம் என்றார் ஒருவர். காதல் தோல்வி என்றார் இன்னொருவர். ஐம்பதை நெருங்கிய மனிதருக்கு அவ்வளவு பெரிய காதல் தோல்வி எங்கே கிடைத்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒருநாள் உங்களையே கேட்டேன். "இங்க நோயாளிகள் இருக்கினம்" என்றீர்கள். அந்தப் பதிலைக் கச்சேரியில் கொண்டுபோய்ச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் நம்ப முடியாத கதை என்று முடிவாயிற்று.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் விளங்காத சுற்றறிக்கைகளைத் தமிழிலும் விளங்காதபடி செய்வது. ஒரு நாள் மத்தியானம் நீங்கள் என் மேசைக்கு வந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை வைத்தீர்கள்.

"ஐசே, இதைத் தமிழில போட்டுத் தாரும்."

எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் 'நீர்' என்று அழைப்பதில்லை. அது மரியாதையா, மரியாதைக்குறைவா என்று நான் அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். கொழும்பில் வளர்ந்து, யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனின் தமிழைப் பேசி, ஆங்கிலத்தில் சிந்திக்கிற ஒரு மனிதர் நீங்கள். அந்த மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில்தான் அந்த 'நீர்' இருந்தது.

தாள் என்னவென்றால், குடல் சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்குப் போன நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற பத்துக் கேள்விகள். அந்தப் பதில்களைச் சேர்த்து நீங்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அது வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வாசிக்கப்பட வேண்டும். வசதியுள்ள நாடுகளில் இயந்திரம் கொண்டு தைக்கிற தையலை, அந்த இயந்திரம் வந்து சேராத ஊரில் கையால் தைத்தாலும் மனிதர் நன்றாக இருப்பார் என்று நீங்கள் உலகத்துக்குக் காட்ட வேண்டும். இதுதான் திட்டம்.

நான் என் முழுத் திறமையையும் காட்டி மொழிபெயர்த்துக் கொடுத்தேன். "மலங்கழித்தலில் இடர்ப்பாடு உண்டா? வயிற்றோட்டம் உளதா?" நீங்கள் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"ஐசே, இது ஆரின்ர தமிழ்? இந்தத் தமிழில ஒருத்தரும் கக்கூசுக்குப் போகமாட்டினம். சனம் கதைக்கிற மாதிரி எழுதும்."

சனம் கதைக்கிற மாதிரி எழுதினேன். முதலாம் கேள்வி: "வெளிக்குப் போவதில் ஏதும் பிரச்சினை இருக்கிறதா?" கழிவறைக்குப் போவதை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். தாளைப் பரீட்சித்துப் பார்க்க முதலில் அகப்பட்டவர் தேற்றாத்தீவில் இருந்து வந்த ஒரு மீன்காரர். கேள்வியை வாசித்துக் காட்டினேன்.

"ஓம் ஐயா, பெரிய பிரச்சினை" என்றார். "ஆமிக்காரன் சென்றியில மறிச்சு வெச்சிருவாங்க. வலைய விரிச்சுக் காட்டு எண்ணுவாங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. மிகவும் யோசித்து, 'வெளிக்கு' என்பதை வெட்டி 'கக்கூசுக்கு' என்று போட்டீர்கள். இப்போது எல்லாம் சரி என்று இருவரும் நினைத்தோம். ஏழாம் கேள்வியை நாங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. "வயிற்றால் போகிறதா? ஆம், இல்லை." வயிற்றோட்டத்தை எங்கள் ஊரில் எல்லோரும் 'வயித்தால போகுது' என்றுதான் சொல்வார்கள். குழந்தைக்கும் அதுதான், கிழவருக்கும் அதுதான். அதைவிடத் தெளிவான வசனம் தமிழில் இல்லை என்று நான் உங்களிடம் சொன்னதாக ஞாபகம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நல்லது.

உங்கள் வகுப்புகளில் ஒன்றிரண்டை நான் கதவடியில் நின்று கேட்டிருக்கிறேன். நோயாளியின் பேச்சை மொழிபெயர்க்க என்னை அழைத்திருப்பீர்கள், வகுப்பு முடியும்வரை காத்திருக்க நேரும். ஒருநாள் கரும்பலகையில், கடலோடு சேருகிற எங்கள் உப்பு வாவியை வரைந்தீர்கள். நீளமாக, வளைந்து, கிளை பிரிந்து, கடைசியில் முகத்துவாரத்தில் முடிந்தது. மாணவர்கள் புவியியல் என்று நினைத்துவிட்டார்கள். "இதுதான் குடல்" என்றீர்கள். "மாரியில தண்ணி ஏறினா முகத்துவாரத்து மணலை எப்ப வெட்டுறது எண்டு கச்சேரியில கூடி முடிவெடுப்பினம். கெதியா வெட்டினாலும் பிழை, பிந்தி வெட்டினாலும் வயல் தண்ணியில தாண்டுபோகும். உடம்பில அந்தக் கச்சேரிக்கு இருக்கிற இடம் ரெண்டு சென்ரிமீற்றர். காத்தா, தண்ணியா, கட்டியா எண்டு பாக்காமலே பிரிச்சறியிற தசை அது. எங்கட சென்றிகளில அப்பிடி ஒரு ஆள் இல்லை. இருந்திருந்தால் நான் இண்டைக்கு நேரத்துக்கு வந்திருப்பன்."

உங்கள் படிப்பு முழுவதும் அந்த இரண்டு சென்ரிமீற்றர்தான் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். புற்றுநோய்க் கட்டி அவ்வளவு கீழே இருந்தால், வேறு ஆஸ்பத்திரிகளில் தசையோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக ஒரு வழி வைத்துவிடுவார்கள். ஆயுள் முழுக்கப் பை. நீங்கள் அந்தத் தசையை விட்டுவைத்து, அதற்கு மேலே குடலைக் கொண்டுவந்து தைப்பீர்கள். தையல் காயும்வரை சிறுகுடலின் ஒரு மடிப்பை வயிற்றுக்கு வெளியே எடுத்து, கழிவை அங்கே பையில் விழப் பண்ணுவீர்கள். மூன்று மாதம் கழித்து அதை மூடிவிடுவீர்கள். மூடிய பிறகு மனிதர் பழையபடி மனிதர். "மூடினாத்தான் ஒப்பரேஷன் முடிஞ்சது. அது வரைக்கும் நான் பாதி வேலை செய்த ஆள்" என்று மாணவர்களிடம் சொல்வீர்கள்.

பூமணியக்கா அப்படி வந்தவர்களில் ஒருவர். கரடியனாற்று ஆள், கணவர் இல்லை, வட்டையில் கொஞ்சம் வயலும் மேட்டில் காடு வெட்டிப் பயிரிட்ட ஒரு சோளன் சேனையும் தனி ஆளாகப் பார்த்துவந்தார். சத்திரசிகிச்சைக்கு முன்பு நீங்கள் எல்லாவற்றையும் விளக்கினீர்கள். நான் உங்கள் தமிழை அவருடைய தமிழுக்கு மாற்றினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாதத்தில மூடுவீங்களா?"

"மூடுவன்."

"சத்தியமா?"

"ஓம்."

"எழுதித் தாங்க. நீங்கெல்லாம் திடீரெண்டு வெளிநாட்டுக்குப் போற ஆக்கள்."

கிளினிக் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அவர் அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இப்ப வெட்டுங்க" என்றார்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. பைதான் இல்லை. கொழும்பில் இருந்து வரவேண்டிய பைகள் எந்தெந்தச் சென்றியிலோ, எந்தெந்தக் களஞ்சியத்திலோ நின்றன. நீங்கள் காத்தான்குடிக்குப் போய், ஆதம்பாவா காக்காவின் தையல் கடையில் ஒரு மணித்தியாலம் நின்று படம் வரைந்து காட்டினீர்கள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். உள்ளே மெல்லிய பொலித்தீன், வெளியே துணி, இடுப்பில் கட்ட ஒரு பட்டி. காக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், கலியாணச் சேட்டு தைக்கிற கை இது."

"அதுதான் வந்தனான். நான் தைச்சதும் உங்கட தையலும் ஒண்டாத்தான் இருக்கவேணும்."

அந்த வார்த்தையில் காக்கா விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு உங்களைப் பற்றிப் பேசும்போது 'நாங்க ரெண்டு டெய்லரும்' என்றுதான் பேசுவார். வாராவாரம் பூமணியக்காவுக்கென்று பைகள் தைத்து, கரடியனாற்றுக்குப் போகிற பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். முதல் தடவை பூப்போட்ட துணியில் அனுப்பினார். "பேரிலயும் பூ, வயித்திலயும் பூவா? கோடு போட்டதில தாங்க காக்கா" என்று பதில் வந்தது.

ஒரு மாதத்தில் பாதை மோசமாயிற்று. பஸ் கிழமைக்கு ஒருதரம் ஓடியது, சில கிழமைகளில் அதுவும் இல்லை. பூமணியக்கா கிளினிக்குக்கு வர முடியவில்லை. அதனால் கேள்வித்தாள் அவரிடம் போயிற்று. கொண்டக்டர் பையையும் தாளையும் கொண்டுபோவார், நிரப்பிய தாளைக் கொண்டுவருவார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் நோட்டில் பதிவேன்.

முதல் தாள் வந்தது. ஏழாம் கேள்வி: வயிற்றால் போகிறதா? 'ஆம்' என்று அழுத்தமாக வட்டம் போட்டிருந்தார். வயிற்றோட்டம் என்று நான் பதிந்தேன். நீங்கள் கவலைப்பட்டீர்கள். சிறுகுடலால் தண்ணீர் அதிகம் போனால் சிறுநீரகம் பழுதாகும் என்றீர்கள். வயிற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற குளிசையும் கரைத்துக் குடிக்க உப்புச் சீனித் தூளும் அனுப்பினோம். இறுக்கமான சாப்பாடாகச் சாப்பிடவும் என்று நானே அழகான கையெழுத்தில் எழுதினேன். அடுத்த தாளிலும் 'ஆம்'. இந்த முறை வட்டம் இரண்டு. குளிசையை இரட்டிப்பாக்கினீர்கள். மூன்றாவது தாள் வந்தது. 'இல்லை.'

நான் நோட்டில் 'சுகம்' என்று பதிந்து, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். நீங்கள் தலையை ஆட்டி, "நல்லது" என்றீர்கள். அன்று நாங்கள் இருவரும் பிளேன்ரீ குடித்தோம். எனக்கு அந்தத் தேநீரின் ருசி இன்னும் நினைவிருக்கிறது, நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று.

கோப்பை வைக்குமுன் ஆதம்பாவா காக்கா வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சேர், என்ட வியாபாரத்தில மண்ணப் போட்டுட்டீங்களே! கரடியனாத்துப் பூமணி பை வேணாமாம். போன கிழமை குடுத்த பையில பாதி அப்படியே புதுசாக் கிடக்காம். கொண்டக்டர்தான் சொன்னாரு. சுகமாக்கிட்டீங்க போல?"

நானும் சிரித்தேன். உங்கள் பக்கம் திரும்பினேன். உங்கள் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது.

"எத்தனை நாளா?" என்றீர்கள்.

"மூணு நாளா ஒரு பையும் மாத்தலையாம் சேர்."

நீங்கள் எழும்பிவிட்டீர்கள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரி வான் வண்டியில் ஏறிய பிறகுதான் என்னைக் கேட்டீர்கள். "ஐசே, வயித்தில வழி வைச்ச ஒரு மனுசியிட்ட 'வயிற்றால் போகிறதா' எண்டு கேட்டா, அவ என்ன சொல்லவேணும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூமணியக்காவுக்கு எல்லாம் வயிற்றால்தான் போனது. அப்படித்தான் போகவேண்டும் என்று நீங்களே வைத்த வழி அது. கேட்ட கேள்விக்கு அவர் உண்மையைச் சொன்னார். சுகமாக இருந்த மனுசிக்கு நாங்கள் வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுத்தோம், அதை இரட்டிப்பாக்கினோம், அந்த வழியை அடைத்தோம். அடைபட்டுவிட்டது என்று அவர் எழுதி அனுப்பினார். நாங்கள் தேநீர் குடித்தோம்.

பாலத்தடிச் சென்றியில் வானை மறித்தார்கள். நீங்கள் சிங்களத்தில் விளக்கினீர்கள். உங்கள் மூன்று மொழிகளில் அதுதான் திருத்தமானது என்பது என் எண்ணம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு ரப்பர் குழாய், பெரிய சிரிஞ்சு, சேலைன் போத்தல்கள். போத்தலில் என்ன என்று சிப்பாய் கேட்டான். உப்புத் தண்ணீர் என்றீர்கள். அவன் வாவியைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான். இவ்வளவு உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோகிறவன் ஒன்றில் பைத்தியக்காரன், இல்லாவிட்டால் டொக்டர் என்று நினைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டான்.

பூமணியக்கா பாயில் சரிந்து கிடந்தார். வயிறு தோல் பளபளக்க ஊதியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்களைக் கண்டதும் பூமணியக்கா எழும்பப் பார்த்தார். முடியவில்லை.

"வயித்தால போகுதா எண்டு கேட்டீங்க. போகுது எண்டன். குளிசை தந்தீங்க. திரும்பவும் கேட்டீங்க. நல்லாப் போகுது எண்டன். இன்னும் குளிசை தந்தீங்க. இறுக்கமாச் சாப்பிடச் சொன்னீங்க, சேனையில உள்ள சோளனெல்லாம் அவிச்சுத் திண்டன். இப்ப போகல்ல." மூச்சு வாங்கினார். "இப்பயாவது உங்களுக்குச் சந்தோஷமா டொக்டர்?"

நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள். மண் தரையில் முழங்காலில் இருந்து, முதலில் விரலால் பார்த்தீர்கள். பிறகு குழாயை மெல்ல மெல்ல உள்ளே விட்டு, இளஞ்சூடான உப்புத் தண்ணீரைச் செலுத்தி, இழுத்து, திரும்பவும் செலுத்தினீர்கள். வெளிநாட்டில் படித்ததெல்லாம் அந்தப் பாயடியில் ஒரு சிரிஞ்சுக்கும் பொறுமைக்கும் சுருங்கிப்போயிற்று. நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். திடீரென்று எல்லாம் வந்தது. சோளன் மணி முழுசு முழுசாக, உங்கள் வெள்ளைச் சேட்டில், கையில், மூக்குக்கண்ணாடியில். பூமணியக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"ஐயோ, சேட்டக் கழட்டித் தாங்க டொக்டர், அலசித் தாறன்" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள். உங்களோடு பழகிய காலத்தில் நான் கண்ட சிரிப்பு அது ஒன்றுதான். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாக, நேரம் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: "உம்மட தமிழ் சரி. என்ர கேள்விதான் பிழை."

அன்றிலிருந்து இன்றுவரை அந்த இரண்டு வசனத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், காக்கா உங்கள் படத்தைப் பார்த்த மாதிரி. அது மன்னிப்பா? சனம் கதைக்கிற மாதிரி எழுதச் சொன்னது நீங்கள்தான் என்பதால் குற்றத்தில் உங்கள் பங்கை ஏற்றுக்கொண்டீர்களா? அல்லது, தமிழ் சரியாக இருந்து என்ன பயன் என்று என்னைக் கேட்டீர்களா? மன்னிப்பு என்றால் எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. திட்டு என்றால் கோபமாவது வந்திருக்கவேண்டும். அதுவும் வரவில்லை.

திரும்பி வந்ததும், வயிற்றில் வழி வைத்த எல்லா நோயாளிகளின் தாள்களையும் எடுத்துத் தனியே கட்டினீர்கள். யார் எந்த அர்த்தத்தில் ஆம் என்றார், யார் எந்த அர்த்தத்தில் இல்லை என்றார் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. கட்டுரையில் 'மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அதை வெட்டினீர்கள். அந்த வரி போனதும் அட்டவணை போயிற்று, அட்டவணை போனதும் கட்டுரை போயிற்று. மாநாட்டுக்கு நீங்கள் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வந்தபோது, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னீர்கள்.

மூன்று மாதம் முடிந்தது. நீங்கள் சொன்ன நாளில் பூமணியக்கா வந்தார், கூடவே அவருடைய ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். மூட வேண்டாம் என்றார்.

"இப்ப வேணாம் டொக்டர். இருக்கட்டும்."

"ஏன்?"

"வேளாண்மை வெட்டு வருது. அது ஒண்டு. மத்தது, சென்றியில இதக் காட்டினா ஒருத்தனும் கிட்ட வாறானில்ல. மூக்கப் பொத்திட்டு 'போ, போ' எண்ணுறான். நான் இவளுகளையும் கூட்டிட்டு வந்திருவன். எங்கட ஊரில ஆருக்கு மருந்தெடுக்கப் போகவேணுமெண்டாலும் இப்ப என்னத்தான் கூப்பிடுறாளுகள்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ஐசே, திரும்பக் கேளும். நீர் பிழையா மொழிபெயர்க்கிறீர்."

"நான் மொழிபெயர்க்கல்ல சேர். அவ தமிழிலதான் சொல்றா. உங்களுக்கு விளங்கும்."

"விளங்குது" என்றீர்கள். "அதுதான் பிரச்சினை."

அந்த இரண்டு சென்ரிமீற்றருக்காக ஒரு மனிதர் தன் இளமை முழுவதையும் கொடுத்திருக்கிறார். அதைச் சேதமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனுசி, பாதை திறக்கும்வரை அது தேவையில்லை என்கிறார். நீங்கள் வாதாடினீர்கள். தோற்றீர்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் கேட்டீர்கள். "பாதை திறந்தாத்தானே டொக்டர்" என்றார். பிறகு உங்கள் தாயாருக்கு உடம்புக்கு ஏலாமல் போய், அவரைப் பார்க்கவென்று வெளிநாட்டுக்குப் போனீர்கள். இரண்டு மாத லீவு. திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. கச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கொரு விதமாக.

அங்கிருந்து கடிதம் போட்டீர்கள். நலம் விசாரிப்பு இல்லை, காலநிலை இல்லை. ஒரே கேள்வி: பூமணிக்கு மூடியாயிற்றா? இல்லை என்று பதில் எழுதினேன். அடுத்த வருஷம் இன்னொன்று, அதே கேள்வி. அதற்கும் இல்லை என்றேன்.

பிறகு ஒரு காலத்தில் பாதை திறந்தது. பாலத்தடியில் யாரும் மறிக்கவில்லை. பூமணியக்கா தானாகவே வந்து, இப்போது மூடலாம் என்றார். உங்களிடம் படித்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் மூடினார். தையல் புதிதுபோல இருந்தது என்றும், அந்தத் தசை இத்தனை வருஷம் சும்மா இருந்தும் தன் வேலையை மறக்கவில்லை என்றும் எனக்குச் சொன்னார். பூமணியக்கா வீட்டுக்குப் போகும் வழியில் கச்சேரிக்கு ஏறிவந்தார்.

"டொக்டருக்கு எழுதுங்க. இப்ப வயித்தால போகல்ல எண்டு எழுதுங்க. இந்தமுறை சந்தோஷப்படலாம் எண்டும் எழுதுங்க."

அந்தக் கிழமைதான் உங்கள் மூன்றாவது கடிதமும் வந்தது. மூடியாயிற்றா?

ஒரு வரி போதும். ஆயிற்று என்று எழுதி முத்திரை ஒட்டியிருக்கலாம். ஆனால் பூமணியக்கா சொன்னதை அவர் சொன்னபடியே உங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் எழுதினேன், செத்துப்போயிற்று. தமிழில் எழுதினேன். பிறகு, அந்த வசனத்தை நீங்கள் தனியே வாசித்தால் உடனே ரப்பர் குழாயோடு விமானம் ஏறிவிடுவீர்கள் என்று பயந்தேன். விளக்கம் எழுதினேன். விளக்கம் மூன்று பக்கம் போயிற்று. அதைக் கிழித்தேன். ஒரு மாதம் பிந்தியது. பிந்தியதற்குக் காரணம் எழுதவேண்டி வந்தது. வருஷம் ஆனது. வெட்கம் ஆனது. ஒரு வசனத்தை யோசிக்காமல் எழுதி ஒரு மனுசியைக் கொல்லப் பார்த்தவன், இன்னொரு வசனத்தை யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். உங்கள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் உங்கள் மரணத்தைச் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது துக்கம் அல்ல. பதில் அனுப்பவில்லையே என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூடி ஒரு மாதம் கழித்து பூமணியக்கா என்னைக் கேட்டார்: "டொக்டர் என்ன சொன்னார்?"

"சந்தோஷப்பட்டார்" என்றேன்.

"கடிதம் போட்டாரா?"

"போட்டார். உடம்பப் பாத்துக்கொள்ளச் சொன்னார்."

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு சித்திரை வருஷப்பிறப்புக்கும் அவர் எனக்குத் தொலைபேசி எடுப்பார், நான் உங்கள் வாழ்த்தைச் சொல்வேன். நீங்கள் அவருடைய மழையைப் பற்றி விசாரிக்கிறீர்கள், முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசச் சொல்கிறீர்கள். என் வாயில் நீங்கள் மிகவும் அன்பான மனிதர், சேர். உங்களுக்கே பிடிக்காத அளவுக்கு.

இந்த வருஷப்பிறப்புக்கும் எடுத்தார். நீங்கள் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. "டொக்டர் சுகமா?" என்றார். "சுகம்" என்றேன்.

ஆக, அவருடைய செய்தி உங்களுக்குத் தெரியாது, உங்களுடைய செய்தி அவருக்குத் தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளன் என்று நான் ஒருவன், இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கு ஒன்றையாவது கொடுத்துவிடுகிறேன். பூமணிக்கு மூடியாயிற்று, சேர். நன்றாக இருக்கிறார். நீங்கள் பாதி வேலை செய்த ஆள் அல்ல.

மற்றதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. வசனம் தேடிக்கொண்டிருக்கிறேன்.